இரண்டு கிராம் குறைவு

மாடியறைக்குக் குடிவந்த மொரேனிகே
முதல் நாளே கேட்டது தட்டைப்பயறு.
சிவதாபுரம் கடையில் அரைக் கிலோ வாங்கிக் கொடுத்தேன்.
புருஷன் அரியானூர்ப் பக்கம் மருந்துப் படிப்பு.
இவள் முதுகில் துணி சுற்றிய பெண்பிள்ளை,
இடுப்பில் செருகிய
சாண் உயர மரப்பாச்சி.

மரப்பாச்சி என்றுதான் நினைத்தேன்.
காலையில் அதைக் குளிப்பாட்டினாள்.
கொலுசுக்கு அரும்பு பற்றவைத்துக்கொண்டிருந்தவள்
நெருப்பைத் தணித்துவிட்டுப் பார்த்தேன்.
தலைக்கு நீலம், உடம்புக்கு ஏதோ செம்பொடி.
மசித்த பயற்றை ஒரு விரலில் எடுத்து
அதன் வாயில் வைத்தாள்.
வாயோரம் தேய்ந்திருந்தது.

அவளுக்குத் தமிழ் பத்துச் சொல்.
எனக்கு இங்கிலீஷ் அதற்கும் கீழே.
நடுவில் போனை வைத்துப் பேசினோம்.
போன் முதலில் சொன்னது:
'மரம் பசியோடு இருக்கிறது.'
தப்பாகச் சொல்கிறது என்று
இரண்டு நாள் சிரித்தேன்.

இரட்டைப் பிள்ளையில் ஒன்று போய்விட்டால்
போனதற்கு ஓர் உடம்பு செதுக்க வேண்டுமாம்.
பதினாறு கொட்டைகளைக் கையில் அள்ளிப் பார்த்து
இன்னது செய் என்று சொல்வாராம் ஒருவர்.
சோழி போடுகிற மாதிரியா என்றேன்.
இல்லை என்றாள், கொஞ்சம் கோபமாக.
செய்யாவிட்டால்
இருப்பதையும் அது கூப்பிட்டுக்கொள்ளும்.

முதலில் வெளியே வருவது தைவோ.
பின்னால் வருவது கெஹிந்தே.
பின்னால் வருவதுதான் மூத்ததாம்.
'நீ போய் உலகத்தை ருசி பார்த்துச் சொல்' என்று
இளையதை முன்னே அனுப்புமாம்.
அழுகைச் சத்தம் கேட்டால்
வரலாம் என்று அர்த்தம்.

எனக்கும் இரண்டு, என்றேன்.
அதைப் போன் சரியாகச் சொன்னது.

பெரியாஸ்பத்திரி, ஆறு வருஷம் முந்தி.
தர்ஷன் அழுதான்.
நாலு நிமிஷம் கழித்து அவள்.
அட்டையில் 'மேகலா குழந்தை – 2'.
பத்தொன்பது மணி நேரம் இருந்தாள்.
பேர் வைக்க அதற்குள் யாருக்கும் தோன்றவில்லை.
முன்பே செய்துவைத்த இரண்டு ஜோடியில்
ஒன்றை உருக்கிப் பட்டறைக் கணக்கில் சேர்த்தேன்.
அந்த மாதம் வெள்ளி குறைகிறது என்று
ஏற்கெனவே பேச்சு வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு பஸ்.
பதினோராவது கொண்டை ஊசியில்
இஞ்சின் சூடாகி நின்றது.
குரங்குகளைக் கண்டு எல்லாரும் பையை இறுக்கினோம்.
மொரேனிகே இறங்கிப் போய்
தார் ஓரத்தில் மண்டியிட்டாள்.
அவள் ஊர்க் குரங்கு கறுப்பும் வெள்ளையுமாய் வேறு சாதியாம்.
ஆனாலும் இரட்டைக்குச் சொந்தம் அதுதானாம்.
மரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.
குட்டியை வயிற்றில் தொங்கவிட்டிருந்த ஒன்று
அதை ஒரு கணம் பார்த்தது,
அவள் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு
சில்வர் ஓக் மரத்தில் ஏறியது.
கடன் அடைத்தவள் போல் சிரித்தாள்.
கண்டக்டர் விசில் அடித்தார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.
அப்படியானால் போனவள் மூத்தவள்.
இவனை அனுப்பியது அவள்.
இவன் அழுததில் என்ன கேட்டது அவளுக்கு?
பக்கத்தில் வாய் திறந்து தூங்குகிறவனை
எழுப்பிக் கேட்க முடியாது.

மொரேனிகே ஒரு ஜோடி கொலுசு வாங்கினாள்.
ஒன்று கெஹிந்தேவின் வலது காலுக்கு,
இன்னொன்று மரத்தின் காலுக்கு.
ஜோடியை அப்படிப் பிரித்துப் போட்டவர்களை
இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

எனக்குச் செதுக்க வராது.
அந்தச் சாமி எங்கள் சாமியும் இல்லை.

சனிக்கிழமை தராசில்
பட்டறைக்காரர் இரண்டு தடவை நிறுத்தார்.
'ரெண்டு கிராம் குறையுதே, மேகலா.'
'தூசாப் போயிருக்குமுங்க.'
கூலியில் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன்.
காலையில் ஊறப் போட்ட தட்டைப்பயறு
தோல் வெடித்து
மேலே வந்திருந்தது.