உப்புக் கணக்கு

ஒடுகத்தூர் சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை
பதினோரு ஆடு வாங்கினேன்.
கட்ட இடமில்லை. மாடி வீடு, வாடகை,
ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் பின்பக்கம்.
சீட்டு எடுத்த தொண்ணூறாயிரம்.
தரகன் சொன்ன விலையை
நானே ஏற்றிக் கொடுத்தேன்.
மினி வேனில் ஏற்றும் முன்பே
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன்.

நான்கு நாளாய்த் தூங்கியிருக்கவில்லை.
தூக்கம் வராமல் இல்லை,
தேவைப்படவில்லை.
அந்தத் தெளிவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்:
பாலாற்று மணலில் எந்தத் துகள்
எந்த மலையிலிருந்து வந்ததென்று தெரிந்திருந்தது.
விடியற்காலை மூன்று மணிக்கு
முதலாளிக்கு போன் செய்து
தோல் தொழிற்சாலையை மூடச் சொன்னேன்,
ஆறு பேசுகிறது என்றேன்.
(அதில் தவறில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.
நேரம்தான் தவறு.)

பிறகு இறங்கியது.
இறங்கியது என்று எழுதுவது சுலபம்.
பிரஷ்ஷைக் கையிலெடுக்க ஒரு முற்பகல் ஆனது.
"சாப்பிட வாம்மா" என்று மகள் கதவருகில் சொன்னது
எனக்கு வந்து சேர்வதற்குள்
அவள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள்.
மொட்டைமாடிச் சுவரின் உயரத்தை
மனசு தானாக அளந்துகொண்டிருந்தது.
அதை நவநீதனிடம் சொன்னேன்.
அந்த மாதம் நான் செய்த ஒரே வேலை
அதுதான்.

ஆற்காட்டு டாக்டர் பார்த்தது இந்தப் பாதியை மட்டும்.
ஆடுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நாங்களும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.
சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை
மூன்றாவது வாரம் என்னை
மறுபடி கூரைமேல் ஏற்றி நிறுத்தியது.
நாத்தனார் எலுமிச்சம்பழம் அறுத்தாள்.
பெயர் கிடைக்க ஆறு வருடம்.

பாகாயத்து டாக்டரம்மா
ஆடுகளிலிருந்துதான் ஆரம்பித்தார்.
எத்தனை? அந்த வாரம் எத்தனை மணி நேரத் தூக்கம்?
பிரசவத்துக்குப் பின் எப்படி இருந்தீர்கள்?
உங்கள் சித்தப்பா ஏன் ஊரைவிட்டுப் போனார்?
அப்புறம், இருமுனைக் கோளாறு என்றார்.
இரண்டு பக்கமும் சீவிய பென்சில்,
பிடித்துக்கொள்ள நடுவில் கொஞ்சம்.

லித்தியம். ஒரு வகை உப்பு என்றார்.
சிரித்துவிட்டேன்.
பதினான்கு வருடமாய் நான் எழுதுவதே உப்புக் கணக்கு:
பச்சைத்தோல் இத்தனை, மூட்டை இத்தனை.
குறைந்தால் தோல் அழுகும்,
கூடினால் கிணறு கெடும்.
ராத்திரி மாத்திரை,
பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஊசி,
புள்ளி ஆறுக்கும் ஒன்றுக்கும் நடுவே
என் ரத்தம் நிற்க வேண்டும்.
கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்தால்
எண் ஏறும்.
கை நடுங்கி டீ தளும்பும்.
வாந்தி, தள்ளாட்டம் என்றால் உடனே வரவும்,
சீட்டில் சிவப்பு மையில்.

ஒருமுறை நிறுத்தினேன்.
நன்றாகத்தானே இருக்கிறேன்,
இனி எதற்கு?
ஏழு வாரம் வார்டில்.
பேரணாம்பட்டு லாரி டிரைவர் வஜீர் பாஷா
பஸ் ஸ்டாண்டில் ஊர் கேட்பவர் போலக் கேட்டார்:
"எனக்கு இது அஞ்சாவது. உங்களுக்கு?"

பத்து ஆடு அடுத்த சந்தையிலேயே
பாதி விலைக்குப் போயின.
கலெக்டர் என்று பெயர் வைத்தது மட்டும்
வீட்டுக்காரர் தோட்டத்தில்.
என்னைப் பார்த்தால் கத்தும்.
அந்தச் சத்தத்தில்
எனக்கு அந்த நான்கு நாள் திரும்ப வேண்டியிருக்கும்.
டாக்டரம்மாவிடம் அதையும் சொன்னேன்.
எழுதிக்கொண்டார். திட்டவில்லை.

நேற்று மகள் ஏதோ சொல்ல
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
நவநீதன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்,
காலண்டரைப் பார்த்தார்.
"ராத்திரி எத்தனை மணி நேரம்?"
"ஏழு."

ஆறரை.
நோட்டில் ஆறரை என்றே எழுதினேன்.
அவள் சொன்னது
நிஜமாகவே வேடிக்கையானதுதான்.