தண்ணி குடிக்கிற துவாய்

பரந்தன் சந்தியில இருந்து பூநகரி றோட்டால
முந்நூறு மீற்றர்.
ரெண்டு ராம்ப், ஒரு பிறசர் பம்ப், ஒரு குழாய்க்கிணறு.
பலகையில என்ர பேர் இல்லை,
சீட்டெடுத்துப் போட்ட காசு மட்டும் என்ர.

எங்கட தண்ணி சுண்ணாம்புத் தண்ணி.
கேத்திலுக்குள்ள எட்டிப் பாருங்கோ, தெரியும்.
பத்து மணிக்கே வெய்யில் வந்து
பொனற்றில ஏறிக் குந்திவிடும்.
ரெண்டு நிமிசம் பிந்தினால்
ஒவ்வொரு துளியும் தன்ர வட்டத்தை
வெள்ளையா எழுதிப்போட்டுத்தான் போகும்.
ஆனபடியால் காசைப் போட வேண்டியது
கழுவுற துணியில இல்லை,
ஈரம் எடுக்கிற துவாயில.

இதை நான் படிச்சது பதினெட்டாயிரம் ரூபாய்க்கு.

போன தையில, கிளிநொச்சிச் சந்தையில
டசின் ஆயிரத்து நூறு. மஞ்சள் நிறம்.
மலிவெண்டு நாலு டசின் அள்ளினன்.
விளிம்பில நைலோன் நூல், மூலையில தடிச்ச லேபல்,
அப்ப ஆர் பாத்தது?
விதுசன் அதால துடைச்சது
பல் டொக்டர் பிரபாலினியின்ர கறுத்த வெசல்.
கொட்டிலுக்குள்ள நிக்கும் மட்டும் வடிவுதான்.
வெளியில எடுத்த உடன
பொனற் முழுக்கச் சிலந்தி வலை.
அவ சத்தம் போடேல்லை.
விரலால ஒரு கீறலைத் தடவிப் பாத்திட்டு
"பல்லெண்டால் நிரப்பி விட்டிருப்பன்" எண்டா.
பொலிஷ் போட வவுனியாவில இருந்து ஆள் வந்தது.
பதினெட்டு.

இப்ப நான் கடைக்குள்ள ஏறினால்
ஜெகசோதியர் பெருமூச்சு விடுவார்.
முதல் உள்ளங்கை.
பம்ப் பிடிச்சுக் காய்ச்சுப்போன கை.
நல்ல துவாய் அதில கொழுவும்,
நாயுருவி சீலையில கொழுவுற மாதிரி.
வழுக்கினால் வைச்சிட்டு நடக்கலாம்.
உறையில அறுநூறு கிராம் எண்டு போட்டிருக்கும்.
பக்கத்து அரிசிக் கடையில தராசு இருக்கு.
நிறுத்து, நீள அகலம் அளந்து, பிரிச்சுப் பாத்தன்:
அறுநூறு எண்டது நானூறும் வரேல்லை.
அரிசிக்காரன் சிரிச்சான்,
பிறகு தன்ர தராசை ஒருக்கால் பாத்தான்.

கடைசியா, கண்ணாடி மேசையில
என்ர போத்தல் தண்ணியைக் கொஞ்சம் ஊத்துவன்.
மலிவுத் துவாய் தண்ணியைத் தள்ளிக்கொண்டு திரியும்,
வேலை தெரியாதவன் கோப்பு தூக்கித் திரியுற மாதிரி.
நல்லது வைச்ச இடத்திலயே குடிக்கும்.

குடிச்சது ஒண்டுதான். சாம்பல் நிறம்,
விளிம்பில தையல் இல்லை.
ரெண்டாயிரத்துத் தொளாயிரம்.
ரெண்டு வாங்கினன், ஒண்டை உறையோட வைச்சன்.
இருநூற்றைம்பது கார் தாங்கினால்
ஒரு காருக்குப் பன்னிரண்டு ரூபாயும் இல்லை.
மஞ்சளை எறியேல்லை.
லேபலை பிளேட்டால வெட்டி,
றிம்முக்கும் லான்ட்மாஸ்ரர் சேத்துக்கும் விட்டன்.
அங்க கீறல் விழுந்தால் ஆர் அழப் போகினம்?

சாம்பலை நான்தான் தோய்க்கிறது,
வேற துணியோட சேக்காமல்,
வாசனைத் தண்ணி ஊத்தாமல்.
வெளியில காயப் போடுறேல்லை,
யாழ்ப்பாண பஸ் ஒண்டு போனால் போதும்.
சட்டம் ஒண்டுதான்:
நிலத்தில விழுந்தது பெயின்ற்றைத் தொடக் கூடாது.

நேற்று ராவு விழுந்தது.
விதுசன் உதறினான். என்னைப் பாத்தான்.
நான் ஒண்டும் சொல்லேல்லை.
தோய்ச்சு, லைற்றுக்குக் கிட்டப் பிடிச்சு
இழை இழையாத் தேடினன்.
மணல் இல்லை எண்டுதான் நினைக்கிறன்.

விடிய முதல் கார் அந்தக் கறுத்த வெசல்.
டொக்டர் கதவைச் சாத்திப்போட்டு
போனைப் பாத்தபடி கதிரையில இருக்கிறா.
நுரை இறங்கியிட்டுது.
சாம்பல் துவாய் கையில.
நினைக்கிறது காணாது.

புதுசின்ர உறையைப் பல்லால கிழிச்சன்.
பன்னிரண்டு ரூபாய்க் கணக்கைத்
திரும்பப் பிரிக்க வேணும்.
பிறகு பாப்பம்.
தண்ணி காயுது.