கம்பி உன்னிடம், துணி என்னிடம்

மூக்கையூர் ஏலக்கூடத்தில்
கணவாய் நிறுத்து முடித்த கொக்கித் தராசில்
எங்கள் முதுகுப்பைகளை ஒவ்வொன்றாய்த் தொங்கவிட்டார்கள்.
"தண்ணி, சோறு போக நாலரைக் கிலோ.
அதுக்கு மேல ஒரு கிராம் ஆகாது"
என்றான் குழுவை நடத்தும் ரெஜினால்டு.
என்னுடையது ஆறு இருநூறு.
முள்ளைப் பார்த்துச் சொன்ன ஏலக்காரர்
எவ்வளவுக்கு விடலாம் என்று கூட்டத்தைக் கேட்டார்.
ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது துண்டு போனது.
சீப்பு, குடை, தைலப் புட்டி,
எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த எல்லாமும் போனது.
பல்துலக்கியின் காம்பை மட்டும்
வீட்டிலேயே அறுத்து வந்திருந்தேன்.
அதற்காக யாரோ கைதட்டினார்கள்.

இருவருக்கு ஒரு கூடாரம்.
கம்பியும் முளைகளும் ஜெனோவாவுக்கு,
துணி எனக்கு.
மானாமதுரை பத்திர ஆபீஸ் வாசலில்
பதினோரு வருடமாக எழுதுகிறேன்:
வடபாகம் இன்னாருக்கு, தென்பாகம் இன்னாருக்கு,
கிணறு பொது, நடைபாதை பொது.
கூரையை ஒருத்திக்கும்
அது நிற்கும் கால்களை இன்னொருத்திக்கும்
எழுதிக் கொடுத்ததில்லை.

சட்டை முதுகில் அச்சடித்திருந்தது
'கால்நடை மன்றம்' என்று.
மாரியூரில் ஒருவர்
நொண்டும் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.
நாங்கள் டாக்டர் இல்லை, நடக்கிறவர்கள் என்றோம்.
"பஸ்ஸு போகுதே" என்றார்.
பரமக்குடியில் பல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதும் ஜெனோவா
ஆட்டை மடியில் சாய்த்து
குளம்பிடுக்கில் ஏறிய உடைமுள்ளை எடுத்தாள்.
"தெனம் புடுங்குறதத்தான பாத்துட்டு இருக்கேன்."
அன்றிரவு அவள் குறட்டைகூட எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஒப்பிலான் தாண்டி
காலில் காய்ந்த உப்பு அரித்தது.
அரை லிட்டர் ஊற்றிக் கழுவினேன்.
"அது குடிக்கிற தண்ணி."
"என் தண்ணி."
"ஒன்னுது தீந்தா என்னுதுதான?"
சரியாகச் சொல்லிவிட்டாள்.
அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அவள் அலை நனைத்த ஓரத்தில்,
நான் ராவணன் மீசை உருளும் மேட்டில்.
நடுவில் பத்துப் பேர்
சங்கு பொறுக்குவதுபோல் குனிந்தே நடந்தார்கள்.

வாலிநோக்கத்துக்கு முன்னால், உப்பளம் தெரியும் இடத்தில்
ஐந்து கூடாரங்கள் எழுந்துவிட்டன.
ஜெனோவா கம்பிகளைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள்,
நரம்பில்லாத தூண்டில்காரிபோல.
நான் துணியை விரித்து அதன்மேல்.
ரெஜினால்டு எங்கள் இருவரையும் கடந்துபோய்
அடுப்புப் பற்றவைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டியதும் கொண்டல் திரும்பியது.
துணியின் ஒரு மூலை எழுந்தது.
அதன்மேல் படுத்தேன். மற்ற மூன்றும் எழுந்தன.
பாய்மரம் பிடிக்கத் தெரியாதவளாய்
வயிற்றால் காற்றை அமுக்கிக்கொண்டு நான் கிடக்க,
யாரோ சிரிக்கிற சத்தம்.
"அந்த மூலையப் புடி" என்றாள்,
என்னிடம் இல்லை, துணியிடம்.

முளை மணலில் நிற்கவில்லை.
பனைமட்டைத் துண்டுகளைப் புதைத்து
அதில் கயிறு கட்டினோம்.
மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.
படுத்தபின் அவள் புட்டியை நடுவில் வைத்தாள்.
என் புட்டியையும் அதன் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டிலும் சேர்த்து முக்கால் லிட்டர் இருக்கும்.

விடியலில் துணி பனியில் ஊறிக் கிடந்தது.
கம்பியைவிட அப்போது அதுதான் கனம்.
நான் முகம் கழுவாமல்
வாய் மட்டும் கொப்பளித்துத் திரும்புவதற்குள்
ஜெனோவா அதைப் பிழிந்து சுருட்டித்
தன் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

கம்பிகளை எடுத்துக்கொண்டேன்.
கடல் இன்றைக்கும் வலப்பக்கம்.