நூறு மில்லிமீட்டர்

தோர்லாகுர், நீதான் தூக்கினாய்.
ஒரு சனி, ஒரு ஞாயிறு, நான்கு ஸ்பிரிங்,
இங்குனின் தம்பியிடம் இரவல் வாங்கிய இரண்டு ஜாக்கி.
திங்கள் காலை ஹோப்ன் துறைமுகத்தில்
மீன்பெட்டிகளுக்கு நடுவே வந்து நின்றது உன் ஜீப்.
பக்கத்து வண்டிகளெல்லாம்
முட்டி போட்டதுபோல் தெரிந்தன.

போன செப்டம்பரில், மலையிலிருந்து ஆடுகளை
ஓட்டிவரப் போனபோது
பனியாறு கதவு வழியே ஏறி
உன் மடியில் உட்கார்ந்ததாம்.
அதற்கு இது பதில். நியாயம்தான்.
ஆற்றுக்குப் பதில் சொன்னாய்;
அச்சிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எண்பத்தைந்தைத் தாண்டினால்
ஸ்டியரிங் உயிர்மீனாய்க் கைக்குள் துடிக்கிறது.
இங்குன் ஏற மாட்டேன் என்கிறாள்.
டயர்தான் என்றாய், டயரை மாற்றினாய்.
டாம்பர்தான் என்றாய், தடித்த டாம்பர் ஒன்று போட்டாய்.
அது நடுக்கத்தைத் தீர்க்கவில்லை.
நடுங்குகிறவன் தோளை
அழுத்திப் பிடித்துக்கொண்டது, அவ்வளவே.

கீழே படுத்தேன். தரையில் நேற்றைய உப்பு.
விளக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தேன்:
உடம்பு உயர்ந்ததும் அச்சு தாழத் தொங்கி,
அதைத் தாங்கும் கைகள் இரண்டும் சரிந்து,
அச்சையே முன்பக்கம் உருட்டிவிட்டிருந்தன.
பின்னால் சாய்ந்திருக்க வேண்டிய கிங்பின்
நெட்டுக்குத்தாய் நின்றது.
மூன்று டிகிரி இருந்த இடத்தில்
அரை டிகிரிகூட இல்லை.

சாய்வு எதற்கு என்று கேட்டாய்.
கடைத் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்,
எப்படித் திருப்பினாலும்
போகிற திசைக்குப் பின்னால் தானே வந்து நிற்கும்.
அந்தக் குணம்தான்.
உன் வண்டி அதை மறந்துவிட்டது.

இன்னொன்று: முன் அச்சு
பதினொரு மில்லிமீட்டர் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது.
குறுக்குக் கம்பி வட்டத்தில்தான் இறங்கும்,
இறங்க இறங்க இழுக்கும்.
டேப் வைத்து அளந்தாயா?
இல்லை. கழுவினாய். மெழுகு போட்டாய்.

பழைய புஷ்களை அழுத்தி வெளியே எடுத்தேன்.
பிரஸ் முனகியது.
துளை மையத்தில் இல்லாத புது புஷ்கள் உள்ளே போயின.
சாய்வு இரண்டரை.
நீ கைதட்டப் போனாய். பொறு.

சாய்வு வந்தால் பினியன் தலை குனிகிறது,
முன் ஷாஃப்டின் ஜாயின்ட் முறுக்கிக்கொள்கிறது.
ஒருவரைச் சமாதானப்படுத்தினால் அடுத்தவர்
முகம் திருப்பிக்கொள்ளும் கல்யாண வீடு இது.
இரட்டை ஜாயின்ட் வைத்த ஷாஃப்ட் ஒன்று வேண்டும்.
ரெய்காவிக்கிலிருந்து வர ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் வந்து கதவோரம் நின்றாய்,
காபி குடித்தாய், ஒன்றையும் தொடவில்லை.

குறுக்குக் கம்பிக்குப் பதில்
மரையைத் திருகி நீளம் மாற்றும் கம்பி.
அச்சு நடுவுக்கு வந்தது.
அதுவும் ஸ்டியரிங் கம்பியும்
ஒரே சரிவில் படுக்க வேண்டும்;
இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி
உன்னைக் கேட்காமல் திரும்பும்.
சக்கரம் முழுக்கத் தொங்கியபோது பிரேக் ஹோஸ்
அறுந்துவிடுவேன் என்று விறைத்து நின்றது.
நீளமானது போட்டேன்.
இதை இங்குனிடம் நான் சொல்லவில்லை.

பத்தாம் நாள், மேற்கே மணல்வெளிச் சாலை.
வலப்பக்கம் பனிப்பாறையின் அழுக்கு நாக்கு.
தொண்ணூறு. நான் கையெடுத்தேன்.
நீ கூரைப் பிடியைப் பற்றினாய்.
நடுக்கம் இல்லை.
ஆனால் மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் நகர்ந்தது.
உன் முகத்தைப் பார்க்கவில்லை;
என் முகம் எப்படி இருந்ததோ.

திருப்பினேன். அதே சாலை, அதே தொண்ணூறு,
மறுபடி கையெடுத்தேன்.
இப்போது வலப்பக்கம்.
அப்படியானால் காற்று, என்றேன்.
நீ மூச்சு விட்டாய், கண்ணாடி மங்கியது.

பில்லில் பதினான்கு வரி.
காற்றுக்கு எதுவும் போடவில்லை.
மாலையில் இங்குன் வந்தாள், சுற்றிப் பார்த்தாள்,
சரி, ஏறுகிறேன் என்றாள்.
கால் எட்டவில்லை.
ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன்.