கணக்கில் வராத தகடு

நெவாடாவில் அந்தக் கோடை முழுக்க
நானும் ஆர்வெலும் எண்களைக் கழற்றினோம்.
எழுபத்தொன்று இனி நானூற்றுப் பன்னிரண்டு.
தார் அதேதான். வளைவு அதேதான்.

'எழுபத்தொன்று காபிக் கடை' வாசலில்
எட்செவெரி அம்மாள் ஏப்ரனோடு நின்றாள்:
"என் போர்டுக்குப் பெயின்ட் அடிக்க
கவர்னரா வருவார்?"

பிறகு தகட்டைத் தடவிப் பார்த்தாள்.
ஏழு தோட்டா ஓட்டை.
"இந்த மூன்றும் என் பையன் சுட்டது.
அன்றைக்கு அவனை அறைந்தேன்."
அவன் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

தகடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும், விதி.
ஆர்வெல் பேரேட்டில் எழுதினான்:
'காற்றில் போயிற்று.'
அன்று இலைகூட அசையவில்லை;
அசைய அங்கே இலையும் இல்லை.

இருட்டும் வேளையில் வயர்லெஸ்ஸில் ஒரு குரல்:
எழுபத்தொன்றில் லாரி கவிழ்ந்திருக்கிறது.
"அப்படி ஒரு சாலை இல்லையே" என்றாள்
புதிதாய்ச் சேர்ந்த பெண்.
நாங்கள் அதன்மேல்தான் நின்றிருந்தோம்,
கையில் ஸ்பானரோடு.