இரண்டு விரற்கடை

நேராகப் போகும் என்று சொல்லித்தான்
விற்றார் அற்புதசாமி,
நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்கீப்பர்.
கேட்டைச் சுற்றிச் சுற்றி
அவர் கை ஒரு சின்ன முறம்.

மூங்கிலும் வேங்கையும் சேர்த்து ஒட்டிய வில்.
முப்பத்திரண்டு ராத்தல் இழுவை,
எனக்கு அது போதும்.
நெல் கொள்முதல் நிலையத்தில்
பகலெல்லாம் ஈரப்பதம் பார்த்து
'பதினெட்டு காட்டுது, காயவச்சுக் கொண்டாங்க' என்று
வசவு வாங்குகிறவளுக்கு
சாயங்காலம் எதையாவது
இழுத்து விட வேண்டியிருக்கிறது.

வெண்ணாற்றுக் கரையில்
சாக்கில் வைக்கோல் திணித்து
நடுவில் தேங்காய் மூடியளவு சுண்ணாம்பு வட்டம்.
எய்த அம்பெல்லாம் ஒரு சாண் இடப்பக்கம்.
காற்று என்றேன்.
மூங்கில் இலை அசையாத நாளிலும்
இடப்பக்கம்.

பிடியைப் பார்த்தேன்.
உள்ளங்கை அமரும் இடத்தில் ஒரு புடைப்பு,
பெருவிரல் மேட்டைத் தள்ளி
மணிக்கட்டைத் திருப்பிவிடுகிறது.
வில்லின் பாரம் ஆயுள்ரேகையைத் தாண்டக்கூடாது
என்பார்கள் பந்தயத்துக்குப் போகிறவர்கள்.
எனக்கு அது தாண்டி
சுண்டுவிரல் அடி வரைக்கும் போய்
ஆவணியில் மூட்டைக் கொக்கி கிழித்த
தையல்மேல் உட்கார்ந்து குத்தியது.

ஞாயிறு.
தோல் உறையைப் பிளேடால் கீறி உரித்தேன்.
உள்பக்கம் அவர் வியர்வை கறுத்திருந்தது.
முட்டிகளுக்கிடையில் வில், கையில் அரைவட்ட அரம்.
நாலு இழுப்பு, ஒருமுறை பிடித்துப் பார்ப்பது.
நாலு இழுப்பு.
'ஒடிச்சுப்புடாத' என்றார் கலியமூர்த்தி,
பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே.

மாவாக உதிர்ந்தது. மரம் அப்படி உதிராது.
மரத்தூளையும் பசையையும் பிசைந்து
அற்புதசாமி அப்பிய மேடு.
அவர் கையைத்தான்
அராவிக்கொண்டிருந்தேன்.

கால் அங்குலம் போனதும்
தூள் சிவந்தது.
வேங்கை.
அங்கே ஏற்கெனவே ஒரு பிடி இருந்தது,
இடுப்பு சிறுத்து, வழவழவென்று இழைத்து,
எண்ணெய் குடித்து,
பெருவிரலுக்கு ஒரு பள்ளத்தோடு.
வைத்துப் பார்த்தேன்.
என் பெருவிரல் அதில்
தண்ணீர் மாதிரி நிறைந்தது.

அரத்தைக் கீழே போட்டுவிட்டு
போன் பண்ணினேன்.
'நேரா போகுதா?' என்றார் முதலில்.
போகுது என்றேன்.
'எனக்கு முந்தியா? கொரடாச்சேரில வாங்குனது.
ஒரு பொண்ணு... இல்ல, அந்தப் பொண்ணோட அண்ணன்தான் காசு வாங்குனான்...
இருங்க, வண்டி வருது, கேட்டுப் போடணும்.'
வைத்துவிட்டார்.
திரும்பக் கூப்பிடவில்லை, அவரும், நானும்.

உப்புத்தாள் மட்டும் போட்டேன்.
பள்ளத்தைத் தொடவில்லை.
சைக்கிள் டியூப்பை நீளமாகக் கீறி
அதன் மேலே சுற்றினேன்.

திங்கள் சாயங்காலம்
ஆற்றில் முழங்கால் தண்ணீர், காற்றே இல்லை.
மணிக்கட்டு நேர். தையல் வலிக்கவில்லை.
முதல் அம்பு இடப்பக்கம்.
ஒரு சாண் இல்லை,
இரண்டு விரற்கடை.
இரண்டாவது அதை ஒட்டி.
மூன்றாவது அதன் இறகை உரசிக்கொண்டு.

இனி அற்புதசாமி மேல் பழி போட முடியாது.
கொரடாச்சேரிப் பெண் மேலும் முடியாது.
இந்த இரண்டு விரற்கடை
என் சொந்தச் சம்பாத்தியம்.

கரையில் யாரும் இல்லை.
சாக்கைக் கொஞ்சம்
நகர்த்தி வைத்தால் என்ன என்று
நின்று யோசித்தேன்.