நாலு மணித்தியாலம்

கட்டுரை இரண்டு. ஐந்நூறு சொற்களுக்குள்.
'நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றை விவரிக்கவும்.'
வெள்ளவத்தை, நாலாம் மாடி, இரவு பதினொன்றரை.
கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போன அதிர்வு
தேநீர்க் கோப்பையில் இன்னும் வட்டம் போடுகிறது.

கணக்குப் பரீட்சை முடிந்துவிட்டது.
அதில் ஒரு தொட்டி, இரண்டு குழாய், ஓர் ஓட்டை.
எப்போது நிரம்பும் என்று கேட்டிருந்தார்கள்.
பதினொரு வருஷமாய் மின்சாரத்தை
அப்படித்தான் பார்த்து வருகிறேன்; சுகமாக வந்தது.
கட்டணத்தை டொலரில் பார்த்தேன்,
ரூபாவில் பார்த்தேன்,
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏன் இப்போது என்று சிந்துஜன் கேட்கவில்லை.
அரிசிப் பேணியை மூடிக்கொண்டே
'வீட்டுக் கடன் இன்னும் எவ்வளவு?' என்றான்.
கேள்வி ஒன்றுதான்.

முதல் வரைவு:
'நெருக்கடிக் காலத்தில் குழுவொன்றை வழிநடத்தி
நாற்பது மெகாவாட் சுமையைச் சமன் செய்தேன்.'
பொய்யில்லை.
பொய்யில்லாத வசனம் இப்படிச்
செத்துக் கிடக்கும் என்று யார் கண்டது.

அந்தப் பங்குனியில்
டீசல் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது,
காசு வரட்டும் என்று.
நகரத்தை எழுத்துகளாக வெட்டி வைத்திருந்தோம்.
எழுத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருட்டு,
பத்திரிகையில்.
எங்கள் திரையில் நாலு.
விஜேநாயக்க சேர் சிங்களத்தில், மெதுவாக,
'இரண்டு என்றே சொல்லுங்கள், சனம் தாங்காது' என்றார்.
அவருடைய வீடும் அந்த எழுத்தில்தான் இருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு வந்தது.
முகத்துவாரத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை,
கணக்கெழுதுகிறவ, பஸ்மினா என்று பேர்.
திட்டவில்லை. அதுவே அன்றைக்கு அதிசயம்.
'மிஸ், பேப்பர்ல ரெண்டுண்டு போட்டிருக்கு.
மெய்யா எத்தின?
ரெண்டுண்டா கதவ மூடி வெச்சா ஐஸ் நிக்கும்.
நாலுண்டா இப்பவே போட்டுக்காரங்களுக்கு வித்துருவன்.
மத்தத நான் பாத்துக்குவன்,
மணிய மட்டும் சொல்லுங்க.'

முதுகுக்குப் பின்னால்
சேர் சீனி கலக்கும் சத்தம்.
'நாலு' என்றேன்.
வைத்துவிட்டேன்.
எந்த ரிலேயும் துடிக்கவில்லை. எந்தச் சிவப்பும் எரியவில்லை.
அன்றைக்கு இன்னும் முப்பத்தொரு அழைப்பு வந்தது.
ஒருவர் வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் என்றார்.
எல்லாருக்கும் இரண்டு என்றேன்.

பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அதே சேர்.
நல்ல மனிசன், தவணைக்கு முன்பே அனுப்பிவிடுவார்.
நேற்று லிஃப்டில் கேட்டார்,
'உம்மைப் பற்றி என்ன எழுத?
நம்பத் தகுந்தவர் என்று போடவா?'
மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. ஒருவரும் ஏறவில்லை.
போடுங்கள் சேர், என்றேன்.

நாற்பது மெகாவாட்டையும் அழித்தேன்.
தமிழில்தான் முதலில் வந்தது:
முப்பத்திரண்டு பேர் கேட்டார்கள்.
ஒருத்திக்கு மட்டும் உண்மை சொன்னேன்.
ஏழு சொல்.
ஆங்கிலத்தில் எத்தனையாகும் என்று இன்னும் எண்ணவில்லை.
மிச்சச் சொற்களுக்குள்
ஒட்சிசன்காரருக்கு ஏன் சொல்லவில்லை என்று
எழுத வேண்டும். எழுதினால் சேருக்குத் தெரியவரும்.
எழுதாவிட்டால் எனக்கு.

எதிர்க் கட்டடத்தில் ஒரு யன்னல், பிறகு மூன்று.
ஐந்தே கால். கேத்தல்கள் ஏறும் நேரம்,
சுமைக்கோடு நிமிரத் தொடங்கும்.

அந்த இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கலாம்.
ஐஸ் விற்றதா என்று
ஒரு தரம் கேட்டிருக்கலாம்.